துரை வாய் திறந்த நாள்

என் வாயைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் போன் எடுத்து, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்வது என் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை பேச்சு, பேச்சு, பேச்சுதான். டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. வீட்டுக்கு வந்த பிறகும் ரேடியோ நிற்காது. கேட்பதற்குத்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே! அவர் பெயிண்டர். சுவரோடு பழகிப் பழகி அவரும் பாதி சுவராகிவிட்டார். நான் ஒரு கதையே சொல்லி முடித்தால் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும். அந்த "ம்"மிலேயே பல ரகம் வைத்திருப்பார். அதெல்லாம் எனக்கு மட்டும்தான் புரியும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பெயிண்ட் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். வாளியை அவருடைய சட்டை மூடியிருந்தது. அவர் வெறும் பனியனோடு நின்றார்.

"என்னங்க இது கோலம்?"

"கத்தாத. பயந்துடும்."

"எது பயந்துடும்?"

சட்டையை விலக்கிக் காட்டினார். நான் கத்தினேன். கீழ் வீட்டில் இருக்கும் அண்ணி, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா, "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தினார்.

வாளிக்குள் ஒரு பல்லி கிடந்தது. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. ஒரு சாண் நீளம் இருக்கும். மங்கிய மஞ்சள் தோல், அதில் கறுப்புப் புள்ளிகள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வால் இருக்கவேண்டிய இடத்தில் கயிறு மாதிரி ஒன்று. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது அது தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. பல்லி கண் சிமிட்டி நான் பார்த்ததே இல்லை. கத்திக்கொண்டிருந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அன்று அவர் பேசியது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு. "வெள்ளையடிக்கப் போன வீடும்மா. குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வெளக்குமாத்தக்கூட விடல, பல்ப்பக்கூட கழட்டிட்டாங்க. சுரண்டிக்கிட்டு இருந்தேன். யாரோ என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. திரும்பினா மூலைல ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரே தூசி. அதுக்குள்ள இது. வீட்டு ஓனர் தூக்கிக் குப்பைல போடுன்னாரு. எனக்கு மனசு வரல."

"மனசு வரலன்னா? இத வச்சு என்ன பண்றதாம்?"

"ம்," என்றார். இது 'நீ பார்த்துக்கொள்வாய்' என்கிற "ம்".

எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் அன்றே அதைத் தூக்கிக்கொண்டு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடியது நான்தான். டாக்டரம்மா அதை ஒரு துணியில் ஏந்திப் பார்த்தார்.

"இது வளக்கற ஜாதி. செவுத்துல ஏறாது, வெளில விட்டாலும் பொழைக்காது. இதுக்குச் சொத்து பூரா வால்லதான். சாப்பிடறதெல்லாம் கொழுப்பா வால்ல சேத்து வச்சுக்கும். பட்டினி கெடக்கும்போது அதுலேருந்து எடுத்து உசுரப் புடிச்சுக்கும். இது மொத்தத்தையும் கரைச்சுடுச்சு."

"பொழைக்குமா டாக்டரம்மா?"

"ஒரேயடியா நெறைய குடுத்துடாதீங்க, தாங்காது. நான் தர்ற கூழ மூக்கு நுனில ஒரு சொட்டு வைங்க, தானா நக்கிக்கும். சூடு வேணும். ஒளிஞ்சுக்க இருட்டா ஒரு எடம் வேணும். முக்கியமா, சத்தமே கூடாது." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

அவர் மறுபடி போய் எடுத்துவந்த கண்ணாடித் தொட்டியைக் கழுவி ஜன்னலோரம் வைத்தோம். ஒரு பக்கம் சூடு தரும் விளக்கு, மறுபக்கம் வாய் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து ஒரு குகை, அதற்குள் ஈரத்துணி. அந்தப் பிராணி குகையில் போய்ப் படுத்துக்கொண்டது. தலை மட்டும் வெளியே. கூழை வைத்தால், போனால் போகிறது என்பதுபோல் ஒரு நக்கு. உடனே கண்ணை மூடிக்கொள்ளும்.

"ஆமாமா, பெரிய துரை! வேலையாள் ரெண்டு பேரு கைகட்டி நிக்கறோம், படுத்துக்கிட்டே சாப்பிடறாரு," என்றேன், குசுகுசுவென்று. அன்றிலிருந்து அது துரை.

சும்மா சொல்லக்கூடாது, வீடே மாறிப்போயிற்று. நான் ரகசியம் பேசுகிற குரலில் பேசப் பழகினேன். ரகசியக் குரலில் யாரையும் திட்ட முடியாது, முயற்சி செய்து பார்த்துவிட்டேன். பேச்சு குறையக் குறைய, இத்தனை வருஷம் நான் கேட்காதது எல்லாம் காதில் விழுந்தது. குழாயின் சொட்டு. பிரிட்ஜ் பெருமூச்சு விடுவது. அவர் சாப்பிடும்போது தொண்டையில் எழும் ஒரு சின்னச் சத்தம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வேறு விளக்குப் போடமாட்டோம். தொட்டியின் விளக்கு மட்டும் எரியும். அதன் மஞ்சள் வெளிச்சம் தரையில் வழிந்து எங்கள் கால்வரை வரும். நாங்கள் இரண்டு பேரும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, துரை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். விலா எழும்பும், தாழும். எழும்பும், தாழும். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. அண்ணி ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் பல்லிய வெரட்டுவாங்க. நீங்க தொட்டில் கட்டித் தாலாட்டறீங்க," என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் குசுகுசுவென்றுதான் சொன்னார். போகும்போது வெறுங்காலோடு சத்தமில்லாமல் படியிறங்கினார்.

கூழிலிருந்து புழுவுக்கு வந்தோம். வளர்ப்பு மீன் விற்கிற கடையில் அந்தப் புழு கிடைக்கும். அதைத் தொடுவதா என்று முதல்நாள் உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரர் இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். துரை குகையிலிருந்து வெளியே வந்தது, வால்நுனியை ஒரு ஆட்டு ஆட்டியது, கபக்கென்று பிடித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எங்கள் தெருவில் அவரைக் கைராசிக்காரர் என்பார்கள். புதுவீடு கட்டினவர்கள், வேறு பெயிண்டரை வைத்திருந்தாலும், முதல் பிரஷ்ஷை மட்டும் இவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார்கள். "பாத்தியா, என் கை," என்றார். சுவர் பேசியது.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. டாக்டரம்மா போன் செய்திருக்கிறார், நான் குளித்துக்கொண்டிருந்தேன், இவர் எடுத்துப் பேசியிருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் சொன்னார்:

"எலும்புக்கு பலம் இல்லையாம். சுண்ணாம்புச் சத்து வேணுமாம். புழு மேல தூவிக் குடுக்கணுமாம்."

"சுண்ணாம்பா?"

"சுண்ணாம்புக்கா நம்ம வீட்டுல பஞ்சம்?"

இரண்டு பேருமே சிரித்தோம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத் தூள் சமையலறை மூலையில் மூட்டையாகவே இருக்கிறது. பெயிண்டர் வீட்டுக்கு வந்த பல்லிக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லையாம், இதைவிட வேடிக்கை உண்டா! அவர் மூட்டையைப் பிரித்து, விரல் நுனியில் துளி எடுத்து, புழுவைப் புரட்டி நீட்டினார். துரை அவர் கையை நம்பி வாங்கிக்கொண்டது.

அடுத்த நொடி புழுவைத் துப்பியது. வாயைத் தரையில் தேய்த்தது. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டியது. வாயோரம் நுரை. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, "யாரா இருந்தாலும் சரி, வண்டிய எடுத்துட்டு என் வீட்டுக்கு வா," என்று அலறினேன். வழியெல்லாம் இவரை நான் பேசின பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் துணியில் சுற்றிய துரையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

டாக்டரம்மா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அதன் வாயைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுண்ணாம்புச் சத்துன்னா மருந்துக் கடையில பொடியா விப்பாங்க. செவுத்துக்கு அடிக்கறது இல்லைங்க. அது புண்ணாக்கிடும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மறுபடி கூழுதான். ஆனா கூழுலயே காலம் தள்ள முடியாது. புண்ணு ஆறி, அதுவா வாயத் தெறந்து புழுவப் புடிச்சாத்தான் பொழச்சுதுன்னு அர்த்தம். புடிக்கலன்னா நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"நம்ம கையில" என்றதும் இவர் தன் கையைப் பார்த்தார். அதை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் தொட்டிக்கு அருகில் வரவே இல்லை. சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து வந்தால் கையைத் தேய், தேய் என்று தேய்ப்பார். தோல் சிவந்துவிடும். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். ஒரு புதுவீட்டுக்காரர் வந்து முதல் பிரஷ் அடிக்கக் கூப்பிட்டபோது, வாசலிலேயே நின்று, "வேற யாரையாவது பாருங்க சார். என் கை சரியில்ல," என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்தப் பிராணி செத்துப்போனால் இந்த மனிதர் இனிமேல் பிரஷ்ஷைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துரைக்காக மட்டும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரருக்காகவும்தான் அந்த மூக்கு நுனியில் நான் கூழை வைத்தேன்.

காலையும் மாலையும் கூழ். அதற்கு முன்னால் ஒரு தடவை இடுக்கியில் புழுவைப் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டிப் பார்ப்பேன். துரை அதைப் பார்க்கும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். ஆளில்லாத வீட்டில் கிடந்தபோது இருந்த மாதிரியே வால் மறுபடியும் இளைத்தது. ஸ்டாண்டுக்கு லீவு போட்டிருந்த ஒரு மழைநாள் மத்தியானம் விளக்கு அணைந்துபோய் வேறு பல்பு வாங்கப் போகமுடியாமல், துரையை எடுத்து என் கழுத்துக் குழியில் வைத்து மேலே துண்டைச் சுற்றிக்கொண்டேன். முதலில் ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் எது என் சூடு, எது அதன் சூடு என்று தெரியவில்லை. வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய, எதிர்வீடும் தெருவிளக்குக் கம்பமும் கரைந்து கரைந்து மறுபடி சேர்ந்தன. அதன் நாடித்துடிப்பு என் தொண்டையில் தட்டிக்கொண்டிருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே மாதிரி கனவு வந்தது. எங்கள் வீடு முழுக்கக் கண்ணாடி. தரையெல்லாம் மணல். மேலே யாரோ ஒரு பெரிய விளக்கைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறார்கள். நானும் அவரும் கவிழ்த்த சட்டிக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கிறோம். நான் பேச வாயைத் திறந்தால் சத்தம் வருவதில்லை, இளஞ்சூடாக ஏதோ ஒன்றுதான் வருகிறது. அவர் அதற்கு "ம்" என்கிறார். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் சுவரெல்லாம் கண்ணாடியாகவே இருக்கும்.

பிறகு ஒரு காலை. அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் ஸ்டாண்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வழக்கம்போலப் புழுவை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். மனம் வேறு எங்கோ இருந்தது. துரை ஒரு அடி எடுத்து வைத்தது. வால்நுனி ஆடியது. லேசாக, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய அளவுக்கு லேசாக. கபக்! இடுக்கி காலி. மென்று, விழுங்கி, நாக்கால் உதட்டைச் சுற்றி ஒரு துடை துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

நான் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் விரலெல்லாம் வழிந்தது. உடனே அவருக்குப் போன் போட எடுத்தேன். நம்பரை அழுத்தப் போன விரல் நின்றது. துரை சாப்பிட்டது என் கையால். இதைச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், சந்தேகமில்லை. ஆனால் அவர் கை பைக்குள்ளேயேதானே இருக்கும்? போனைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டரம்மா வேளைக்கு ஒரு புழு என்றுதான் சொல்லியிருந்தார். அடுத்த வேளை சாயங்காலம்.

வாயைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் இருப்பது என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால் அது தானாக வெளியே வந்துவிடும் என்று பயம். நாக்கு நுனியிலேயே நின்றுகொண்டிருந்தது. போன் எடுத்தேன், தெருப் பெயர் சொன்னேன், வைத்தேன். மீசைக்கார டிரைவர் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு, "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான். ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பயந்துபோய் வெளியே ஓடினான்.

சாயங்காலம் அவர் வருவதற்கு ரொம்ப நேரமாயிற்று. கீழே அண்ணியின் குரல் மட்டும் கேட்டது: "ஏன்டா தம்பி, படியிலயே உக்காந்துட்ட? காலு வலிக்குதா?" பதில் கேட்கவில்லை. பிறகு அவர் மெதுவாக ஏறி வந்தார். வாசலில் நின்று தொட்டியைத்தான் முதலில் பார்த்தார். துரை விளக்கடியில் படுத்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தாங்க, என் கையெல்லாம் மாவு. அந்தப் புழுவ நீங்க கொஞ்சம் நீட்டுங்க," என்றேன், எதுவுமே நடக்காதது மாதிரி.

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிட முடியும்?"

நான் மாவையே பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு குழாய் திறக்கும் சத்தம். கையைத் தேய்க்கும் சத்தம். துண்டில் துடைக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அவர் தொட்டியின் முன் மண்டியிட்டிருந்தார். இடுக்கி இல்லை, வெறும் விரலால்தான் நீட்டியிருந்தார்.

துரை பார்த்தது. கண் சிமிட்டியது. அவசரமே இல்லாமல், மணலில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது. சாப்பிடுடா, சாப்பிடு துரை, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கபக். புழு போயிற்று. பிறகு அது தன் சின்ன இளஞ்சிவப்பு நாக்கை நீட்டி, அவர் விரல்நுனியை ஒருமுறை நக்கியது.

"அடேயப்பா!" என்று குதித்தேன். "சாப்பிட்டுடுச்சுங்க! உங்க கையால சாப்பிட்டுடுச்சு! நான் எத்தன நாளா நீட்டறேன், என்ன மதிக்கவே இல்ல, பாருங்களேன்!"

அவர் விரலைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். துரை அந்த விரல்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. மஞ்சள் வெளிச்சம் அவர் கை முழுவதும் பரவியிருந்தது.

அன்று அவர் தட்டைக் காலி செய்தார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். நான் துரை நடந்துவந்த அழகைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"காலைலயே சாப்பிட்டுடுச்சு, இல்ல?"

என் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு சொன்னா?"

"மத்தியானம் மீசை போன் பண்ணான். 'அண்ணே, ரேடியோ காலைலேருந்து பாடல, வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா'ன்னு கேட்டான்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "துரை போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். அதான் நீ பேசாம இருக்கன்னு. மேல வர காலு வரல, படியிலயே உக்காந்துட்டேன். வந்து பாத்தா அது உசுரோட இருக்கு, நீ வாயே தெறக்க மாட்டேங்கற. சாகவும் இல்ல, நீ பேசவும் இல்லன்னா வேற என்னவா இருக்கும்? என்னையே புழுவ நீட்டச் சொன்னதும் புரிஞ்சுடுச்சு."

நல்லது செய்கிறேன் என்று இந்த மனிதரைப் படியில் உட்காரவைத்துவிட்டேனே!

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் நீட்டினீங்க?"

"நீ ஒரு பகல் பூரா பேசாம இருந்திருக்க. அத வீணாக்கலாமா?"

வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கை, சொரசொரவென்று இருந்தது. தொட்டியில் துரை குகைக்குள் போய், தலையை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருந்தது.

"நாளைக்கு அந்தப் புதுவீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, நான் வர்றேன்னு சொல்லிடு," என்றார். "இப்ப நீ பேசு. காலைல எப்படிச் சாப்பிட்டுச்சு? மொதல்லேருந்து சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன்.